காப்பி கேட்ட கல்லூரி

கேட்டது கோட்டையல்ல, கொற்றக்குடையுமல்ல. ஒரு கோப்பை காப்பி! அதையும் இரந்து கேட்டாரில்லை. காசு தந்து கேட்டனர். "இல்லை" என்றது கடை. கேட்டவர் தோல் கறுப்பு, அதுதான் காரணம்.

1960 பிப்ரவரி 1. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்துக் கிரீன்ஸ்பரோ நகரில் உல்வொர்த் அங்காடி. எசல் பிளேர், பிராங்க்ளின் மக்கெயின், ஜோசப் மெக்நீல், டேவிட் ரிச்மண்ட் எனும் முதலாண்டு மாணவர் நால்வர் பற்பசை போன்ற சில்லறைச் சாமான்களை வாங்கினர். அவர்தம் காசைக் கடை வாங்கிக்கொண்டது. காசுக்கு நிறமில்லை போலும்! அதே கடையின் சிற்றுண்டிப் பகுதியில் அமர்ந்தபோதுதான் நிறம் குறுக்கே வந்தது. நால்வரும் எழவில்லை. கடை அடைக்கும்வரை அமர்ந்திருந்தனர்.

யார் இந்த இளைஞர்? எந்தப் பாசறையில் பயின்றவர்?

1890 இல் அமெரிக்கப் பேரவை இரண்டாம் மாரில் சட்டத்தை இயற்றிற்று. வேளாண் கல்லூரிகளுக்கு நடுவணரசு பணம் தரும்; ஆனால் கறுப்பினத்தாரைச் சேர்க்க மறுக்கும் மாநிலம், அவர்க்கெனத் தனிக் கல்லூரி நடத்தியாக வேண்டும்; இல்லையேல் பணம் கிடையாது! வெள்ளையர் கல்லூரிக்கு வரவேண்டிய தொகை தவறிவிடுமே என்ற கவலையில், 1891 இல் வட கரோலினா 'நிறத்தவர்க்கான வேளாண்மை, பொறிவினைக் கல்லூரி'யைத் தோற்றுவித்தது. கருணை ஈன்ற குழந்தை என்று எண்ணிவிடாதீர்; கணக்கு ஈன்ற குழந்தை அது.

முதலில் ராலே நகரத்து ஷா பல்கலைக்கழகத்தில் ஒண்டுக் குடித்தனம். 1893 இல் கிரீன்ஸ்பரோவில் சொந்த இடம். 1896 முதல் 1925 வரை தலைவராயிருந்து வளர்த்தவர் ஜேம்ஸ் டட்லி. குறையையும் மறைக்கலாகாது. 1901 இல் பெண்களுக்குச் சாத்திய கதவை 1928 இல்தான் மீண்டும் திறந்தனர். நிறத்தால் ஒதுக்கப்பட்டோர், பெண் என்பதால் ஒதுக்கினர்! என்னே விந்தை!

ஏர் பிடிக்கவும் இரும்படிக்கவும் கற்று அடங்கிக் கிடப்பர் என்று ஆள்வோர் எண்ணியிருக்கக்கூடும். அந்த மாணவர் விடுதியிலோ, இரவு நெடுநேரம் நால்வர் பேசிக்கொண்டிருந்தனர். எத்தனை நாள் பேசிக்கொண்டே இருப்பது என்ற வெட்கமே அவர்களைக் கடைக்கு அனுப்பிற்று.

மறுநாள் இருபதுக்கு மேற்பட்டோர் வந்தனர். நான்காம் நாள் ஏறத்தாழ 300 பேர். பென்னட் கல்லூரி மாணவியர் திரண்டனர். வெள்ளை மாணவியர் சிலரும் உடன் அமர்ந்தனர். வசையும் மிரட்டலும் பறந்தன. மாணவர் கை ஓங்கவில்லை. தீ தென்மாநிலங்களெங்கும் பற்றிற்று. ஜூலை 25 இல் கடை பணிந்தது. அன்று அந்த இருக்கைகளில் முதலில் உணவு பெற்றவர், அக்கடையிலேயே பணிபுரிந்த கறுப்பினத்தார்! பிறர்க்குப் பரிமாறியே பழகிய கைகள் அவை.

1967 இல் கல்லூரி பல்கலைக்கழகமாயிற்று. இங்கு 1971 இல் இயற்பியல் பட்டம் பெற்ற ரொனால்ட் மெக்நேர் விண்வெளிக்குச் சென்றார். 1986 சேலஞ்சர் விபத்தில் மாண்டார். 2024 இல் மாணவர் தொகை 14,000 ஐக் கடந்தது. நால்வருக்கும் 2002 இல் வளாகத்திலே சிலை எழுந்தது.

சிலையைக் காண டேவிட் ரிச்மண்ட் இல்லை. பட்டம் பெறாமலே படிப்பை விட்டவர் அவர். 'கலகக்காரன்' என்ற முத்திரை விழுந்ததால், அந்நகரில் வேலை கிடைப்பதே அரிதாயிற்று. இறுதிக் காலத்தில் கிரீன்ஸ்பரோவிலேயே ஒரு மருத்துவப் பராமரிப்பு இல்லத்தில் துப்புரவுப் பணி செய்தார். 1990 இல், 49 ஆம் வயதில் மறைந்தார். அதன் பிறகே பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு டாக்டர் பட்டம் வழங்கிற்று.