மசாஜ், இயன்முறை சிகிச்சைகளில் இசைவும் தொழில்சார் எல்லைகளும்

தசைகளையும் மூட்டுகளைச் சூழ்ந்த மென்திசுக்களையும் கைகளால் நீவியும் பிடித்தும் அழுத்தியும் அளிக்கப்படும் சிகிச்சை மசாஜ் எனப்படுகிறது. சித்த மருத்துவம் இதனைத் தொக்கணம் என்னும் பெயரில் ஒன்பது வகைகளாக வகுத்துள்ளது. இயன்முறை மருத்துவத்தில் இது உடற்பயிற்சிக்குத் துணையாகப் பயன்படுகிறது. முறை எதுவாயினும், ஒருவர் மற்றொருவரின் உடலைத் தொடுகிறார். பெரும்பாலும் மூடிய அறையில், ஆடை தளர்த்திய நிலையில் தொடுகிறார். எனவே, சிகிச்சை பெறுபவரின் இசைவும் சிகிச்சை அளிப்பவர் மீறக்கூடாத எல்லைகளும் இச்சிகிச்சையின் அடிப்படைகளாகும்.

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், ஒரகடம் பகுதிகளின் வாகன, மின்னணுத் தொழிற்சாலைகளில் நெடுநேரம் நின்றும் குனிந்தும் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தும் பணியாற்றுவோருக்குக் கழுத்து, தோள், இடுப்பு வலி ஏற்படுவது இயல்பு. இவர்களில் பலர் பிற மாவட்டங்களிலிருந்தும் வெளிமாநிலங்களிலிருந்தும் வந்து விடுதிகளில் தங்கியுள்ள இளம்பெண்கள். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட தொழிலாளர் குடியிருப்பு மட்டுமே 18,720 படுக்கைகளைக் கொண்டது. குடும்பம் அருகில் இல்லாத நிலையில், சிகிச்சை அறையில் நடப்பது முறையானதுதானா என்னும் ஐயம் எழுந்தால் யாரிடம் கேட்பது என்பது இவர்களுக்குத் தெரிவதில்லை. அவர்களுக்காகவே இவ்விளக்கம்.

இசைவு என்பது யாது?

என்ன செய்யப்படும், ஏன் செய்யப்படும், எந்தப் பகுதி தொடப்படும், எந்த ஆடை தளர்த்தப்படும், மாற்று வழி உண்டா என்பவற்றை உங்களுக்குப் புரியும் மொழியில் அறிந்த பின், அச்சமோ வற்புறுத்தலோ இன்றி நீங்கள் தரும் அனுமதியே இசைவு ஆகும். ஒடியா, இந்தி, அசாமியம் பேசும் ஒருவரிடம் தமிழில் மட்டும் விளக்கிப் பெறப்படும் தலையசைப்பு இசைவு ஆகாது.

இசைவு ஒவ்வொரு செயலுக்கும் தனித்தனியானது. உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரி 16 அன்று அளித்த தீர்ப்பு இதனைத் தெளிவுபடுத்துகிறது. நோயறியும் உட்காண் சோதனைக்கு மட்டும் இசைவளித்த ஒரு பெண்ணுக்கு, அவர் மயக்க நிலையில் இருந்தபோது, அவருடைய தாயின் ஒப்புதலைப் பெற்றுக் கருப்பையும் சினைப்பைகளும் அகற்றப்பட்டன. சோதனைக்கு அளித்த இசைவு சிகிச்சைக்கு அளித்த இசைவு ஆகாது என நீதிமன்றம் கூறியது. இக்கோட்பாடு அறுவை அரங்கிற்கு மட்டும் உரியதன்று. தோள் வலிக்கு இசைவளித்தவர் இடுப்பைத் தொடுவதற்கு இசைவளித்தவர் ஆகார்.

இசைவை எந்த நிலையிலும் திரும்பப் பெறலாம். ‘போதும்’, ‘நிறுத்துங்கள்’ என்று சொன்னால் போதுமானது. காரணம் கூறத் தேவையில்லை. கட்டணம் செலுத்திவிட்டதால் இவ்வுரிமை அற்றுப்போவதில்லை. அச்சத்தாலோ தவறான தகவலை நம்பியோ ஒருவர் அளித்த சம்மதத்தை, அதனை அறிந்தே பயன்படுத்திக்கொள்பவர் இசைவு எனக் காட்ட முடியாது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 28ஆம் பிரிவு இதனைக் கூறுகிறது.

முறையான சிகிச்சையில் எதிர்பார்க்க வேண்டியவை

• முதலில் வலி எப்போது தொடங்கியது, பிற நோய்கள், மருந்துகள், கர்ப்பம் ஆகியவை குறித்துக் கேட்கப்படும்.
• ஆடை மாற்ற வேண்டியிருப்பின், சிகிச்சை அளிப்பவர் அறையை விட்டு வெளியேறுவார் அல்லது திரை இடப்படும்.
• சிகிச்சைக்குரிய பகுதி மட்டும் திறந்திருக்கும். ஏனைய பகுதிகள் துணியால் மூடப்பட்டிருக்கும்.
• புதிய பகுதியைத் தொடும் முன் அறிவிக்கப்படும். அழுத்தம் தாங்கக்கூடியதா எனக் கேட்கப்படும்.
• ஆண் மருத்துவர் பெண் நோயாளியைப் பரிசோதிக்கையில் மற்றொரு பெண் உடனிருக்க வேண்டும். தேசிய மனித உரிமைகள் ஆணையம் வகுத்த நோயாளிகள் உரிமைச் சாசனம் இதனை உரிமையாகக் கூறுகிறது. தோழியையோ விடுதியில் உடன் தங்கியிருப்பவரையோ உடன் இருக்கச் செய்யுமாறு நீங்கள் கேட்கலாம்.

எல்லை மீறலின் அறிகுறிகள்

கழுத்து, தோள், இடுப்பு வலிக்கான வழக்கமான மசாஜில் மார்பகத்தையோ பிறப்புறுப்பையோ தொட வேண்டிய தேவை இல்லை. இடுப்புத்தளத் தசைகளுக்கான சிறப்புச் சிகிச்சை உண்டு. எனினும், அது பயிற்சி பெற்றவரால், தனியான விளக்கத்திற்கும் இசைவிற்கும் பின்னரே, கையுறை அணிந்து செய்யப்பட வேண்டும். வலி தோளில் இருக்க, விளக்கமின்றி ஆடை முழுவதையும் களையச் சொல்லுதல், உடல் தோற்றத்தைப் பற்றிப் பேசுதல், திருமணம், காதல் குறித்து வினவுதல், தனிப்பட்ட எண்ணிற்கு இரவில் செய்தி அனுப்புதல், கட்டணமின்றித் தனியே வரச் சொல்லுதல், ‘யாரிடமும் சொல்ல வேண்டாம்’ எனக் கூறுதல் ஆகியவை எச்சரிக்கைகள்.

சிகிச்சை என்னும் பெயரே மறைப்பாக அமையலாம். அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் மருத்துவராக இருந்த லாரி நாசர், காயங்களுக்குச் சிகிச்சை அளிப்பதாகக் கூறிப் பல ஆண்டுகள் சிறுமிகளையும் இளம்பெண்களையும் துன்புறுத்தினார். 2018 ஜனவரியில் அவருக்கு 40 முதல் 175 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 150க்கும் மேற்பட்டோர் நீதிமன்றத்தில் வாக்குமூலம் அளித்தனர். பெற்றோர் அதே அறையில் இருந்தபோதும் சில குற்றங்கள் நிகழ்ந்தன. ஆகவே, ஒருவர் உடனிருப்பது பாதுகாப்பின் ஒரு பகுதியே. என்ன செய்யப்படுகிறது என்பதை நீங்கள் அறிந்திருப்பது அதனினும் முதன்மையானது.

‘நான் ஏன் தடுக்கவில்லை?’

எதிர்பாராத அத்துமீறலின்போது உடல் உறைந்து, குரல் எழாமல் போவது அறியப்பட்ட உடலியல் எதிர்வினையாகும். அதனை உங்கள் விருப்பத்தால் கட்டுப்படுத்த இயலாது. அமைதியாக இருந்தமை இசைவு ஆகாது. பின்னர் ஏற்படும் குற்றவுணர்வும் உறக்கமின்மையும் மருத்துவ உதவிக்குரியவை. அச்சத்தால் வலிக்கான சிகிச்சையையே கைவிட்டுவிடாதீர்கள். வேறொரு மருத்துவரை நாடுங்கள்.

சிகிச்சை அறையில் கண்காணிப்புக் கேமரா

பாதுகாப்பிற்காகச் சிகிச்சை அறைக்குள்ளேயே கேமரா பொருத்தலாமா என்னும் வினா சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் வந்துள்ளது. 2021 டிசம்பரில் ஒரு நீதிபதி ஸ்பாக்களில் கேமரா பொருத்த வேண்டும் எனப் பணித்தார். 2022 ஜனவரியில் மதுரைக் கிளையில் மற்றொரு நீதிபதி, ஸ்பாக்களுக்குள் கேமரா பொருத்துவது தனிநபரின் உடல் சார்ந்த தன்னுரிமைக்கும் அந்தரங்க உரிமைக்கும் முரணானது எனக் கூறினார். மருத்துவ நோக்கில், ஆடை தளர்த்திய ஒருவரைப் படமெடுப்பது புதிய தீங்கிற்கு வழிவகுக்கும். அவ்வறையில் கேமராவோ கைபேசிப் படப்பிடிப்போ இருப்பின் சிகிச்சையை மறுக்கலாம். பெண்ணின் அந்தரங்கத்தை மறைந்து பார்ப்பதும் படமெடுப்பதும் அதே சன்ஹிதாவின் 77ஆம் பிரிவின் கீழ்க் குற்றமாகும்.

மசாஜ் தவிர்க்கப்பட வேண்டிய நிலைகள்

ஒரு காலில் மட்டும் திடீர் வீக்கமும் வலியும் இருந்தால் இரத்தக் கட்டி உருவாகியிருக்கலாம். அதனை நீவிவிடுதல் உயிருக்கு ஆபத்தானது. காய்ச்சல், எலும்பு முறிவு ஐயம், தோல் தொற்று, கைகால் மரத்துப்போதல், சிறுநீர் அல்லது மலம் கழிப்பதில் புதிய சிரமம், இரத்தம் உறையாமைக்கான மருந்து உட்கொள்ளுதல் ஆகிய நிலைகளில் முதலில் மருத்துவரை அணுகவும். கர்ப்பிணிகள் மருத்துவர் ஆலோசனையின்றி மசாஜ் செய்துகொள்ளக் கூடாது. கழுத்தைத் திடீரெனத் திருப்பிச் சொடுக்கெடுப்பதற்கு அனுமதிக்காதீர்கள். அரிதாக அது மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாயைக் கிழித்துப் பக்கவாதத்தை உண்டாக்கும்.

எல்லை மீறப்பட்டால்

1. உடனே வெளியேறி, பாதுகாப்பான இடத்திற்குச் செல்லவும். நம்பிக்கையான ஒருவரிடம் கூறவும்.
2. நாள், நேரம், இடம், நடந்தவை ஆகியவற்றை எழுதி வைக்கவும். ரசீதையும் கைபேசிச் செய்திகளையும் அழிக்காதீர்கள்.
3. அவசர உதவிக்கு 112, பெண்கள் உதவி மையத்திற்கு 181, குழந்தைகள் உதவிக்கு 1098 ஆகிய எண்களை அழைக்கலாம்.
4. எந்தக் காவல் நிலையத்திலும் புகார் அளிக்கலாம். ‘எங்கள் எல்லைக்குள் நடக்கவில்லை’ என மறுக்க இயலாது. பாலியல் குற்றங்களில் பெண்ணின் புகாரைப் பெண் அலுவலரே பதிவு செய்ய வேண்டும்.
5. 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், அவ்விடத்தில் பணிபுரியாத பெண்ணுக்கும் பொருந்தும். அதாவது, சிகிச்சைக்குச் சென்றவரும் புகார் அளிக்கலாம். நிறுவனத்தில் 10 பணியாளர்களுக்குக் குறைவாக இருப்பின், மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார்க் குழுவை அணுக வேண்டும். கால வரம்பு 3 மாதங்கள். தக்க காரணம் இருப்பின் மேலும் 3 மாதங்கள் நீட்டிக்கப்படலாம்.
6. பாலியல் வன்புணர்விற்கு உள்ளானோர்க்கு அரசு, தனியார் மருத்துவமனைகள் அனைத்தும் உடனடியாகக் கட்டணமின்றிச் சிகிச்சை அளிக்க வேண்டும். சிகிச்சைக்கு முன் காவல்துறையில் புகார் அளித்திருக்க வேண்டும் என்னும் நிபந்தனை இல்லை.

18 வயதுக்குட்பட்டவர் எனில் போக்சோ சட்டம் பொருந்தும். ஆண்களும் எல்லை மீறலுக்கு உள்ளாகலாம். அவர்களும் காவல்துறையில் புகார் அளிக்கலாம்.

சிகிச்சை அளிப்பவரின் உரிமை

எல்லை இருபுறமும் உரியது. சிகிச்சை பெறுபவர் ஆபாசமாகப் பேசினாலோ தகாத முறையில் தொட்டாலோ பாலியல் நோக்கில் கோரிக்கை வைத்தாலோ, சிகிச்சையை உடனே நிறுத்த அப்பணியாளருக்கு உரிமை உண்டு. வாடிக்கையாளரை இழக்க நேரிடும் என்பதற்காக அவரைப் பணி தொடரச் செய்வது நிறுவனத்தின் தவறாகும். 2013ஆம் ஆண்டுச் சட்டம் பெண் பணியாளருக்கும் இப்பாதுகாப்பை அளிக்கிறது.

எங்கே சிகிச்சை பெறலாம்?

ஈ.எஸ்.ஐ. காப்பீடு பெற்ற தொழிலாளர்கள் ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தை முதலில் அணுகலாம். அரசு மருத்துவமனைகளிலும் இயன்முறை சிகிச்சை அளிக்கப்படுகிறது. தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் தொக்கணச் சிகிச்சை பெறலாம். தனியார் நிலையங்களில், சிகிச்சை அளிப்பவரின் கல்வித்தகுதியையும் பதிவையும் கேட்டறியவும். அவ்வாறு கேட்பது உங்கள் உரிமை. தகுதியுடையவர் அதற்காகச் சினம் கொள்ளமாட்டார். மருத்துவ ஆலோசனைக்கு 104 என்னும் எண்ணை அழைக்கவும்.

இத்தகவல்கள் பொது விழிப்புணர்விற்கானவை. மருத்துவரின் நேரடிப் பரிசோதனைக்கோ சட்ட ஆலோசனைக்கோ மாற்றாகா.