மெக்நேர் கேட்ட புத்தகம்

அமெரிக்காவில் இயற்பியல் பட்டப்படிப்பு படிக்கிற பிள்ளைகள் கோடை விடுமுறையில் ஏதாவதொரு ஆய்வகத்தில் இடம் பிடிக்கப் போட்டி போடுகிறார்கள். ஒரு மையம் எடுப்பது சுமார் பத்துப் பேர், பத்து வாரத்துக்கு. மதிப்பெண் வேண்டும், பேராசிரியர்களின் சிபாரிசுக் கடிதம் வேண்டும். ஏற்கெனவே ஆய்வகத்தில் வேலை பார்த்திருந்தால் கடிதம் கனமாக இருக்கும். ஆய்வே நடக்காத கல்லூரியில் படிக்கிற பிள்ளை அந்தக் கடிதத்துக்கு யாரிடம் போகும்? 'தகுதி, திறமை' பேசுகிறவங்க இதைக் கேட்கிறதில்லை.

1957இல் சோவியத் ஸ்புட்னிக்கைப் பறக்கவிட்டதும் மிரண்டுபோன அமெரிக்க அரசு அறிவியல் கல்விக்குப் பணத்தைக் கொட்டியது. பட்டப்படிப்பு மாணவரை ஆய்வில் சேர்க்கும் திட்டமும் அந்த வேகத்தில் வந்ததுதான். அதே காலம். 1959. தென் கரோலினாவின் லேக் சிட்டியில் ரொனால்டு மெக்நேர் என்ற ஒன்பது வயதுக் கறுப்பினச் சிறுவன் பொது நூலகத்தில் அறிவியல் புத்தகம் கேட்டான். கறுப்பருக்குக் கிடையாது என்றார்கள். பையன் நகரவில்லை, மேசைமேல் உட்கார்ந்துவிட்டான். போலீஸ் வந்தது, அம்மா வந்தார். புத்தகத்தோடுதான் வீட்டுக்குப் போனான். டீக்கடையில் தனிக்குவளை பார்த்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

மெக்நேர் படித்தது கிரீன்ஸ்பரோவிலிருந்த கறுப்பினக் கல்லூரியில். 1960இல் வெள்ளையர் உணவு மேடையில் உட்கார்ந்து எழ மறுத்த நான்கு மாணவர்களின் கல்லூரி அது. 1971இல் இயற்பியல் பட்டம், 1976இல் எம்.ஐ.டி.யில் லேசர் ஆய்வுக்கு முனைவர் பட்டம். நடுவில் இரண்டு வருஷத்து ஆய்வுத் தரவு திருட்டுப்போச்சு. மறுபடியும் முதலிலிருந்து செய்தார். 1986இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்தபோது அதில் இருந்தார்.

கதவு தானாகத் திறக்கவில்லை. பெல் ஆய்வுக்கூடம் 1974இல் சிறுபான்மையினருக்கும் பெண்களுக்குமென்றே கோடை ஆய்வுத் திட்டம் தொடங்கியது. ஸ்புட்னிக் காலத்துத் திட்டமோ 1980களின் தொடக்கத்தில் நின்றுபோய், 1987இல் வேறு பெயரில் திரும்பி வந்தது. மெக்நேர் பெயரால் 1989 முதல் இன்னொரு திட்டத்துக்கு அரசு நிதி கொடுக்கிறது. கல்லூரிக்கு முதல் தலைமுறையாக வரும் ஏழைப் பிள்ளைக்குப் படிக்கும்போதே ஆய்வு செய்ய உதவித்தொகையும் வழிகாட்டியும் கிடைக்கும். கடிதம் எழுத ஒரு ஆள் கிடைப்பார் என்று அர்த்தம்.

2024இல் இந்தத் திட்டத்தின்மேல் வழக்குப் போட்டார்கள், வெள்ளை மாணவருக்கு அநீதியாம். இடங்களில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு முதல் தலைமுறை ஏழைகளுக்கு. அதில் நிறம் பார்ப்பதே கிடையாது. கறுப்பினத்தவர், பூர்வகுடிகள் போன்றோருக்கென்று வைத்திருந்தது மீதிப் பங்கு. அவங்க கண்ணை உறுத்தினது அதுதான்.