திருடர் சொற்களைத் திருடிய கதை

ஆங்கிலத்தில் ஒருவர் ‘கிக் தி பக்கெட்’ என்றால் மண்டையைப் போட்டுவிட்டார் என்று பொருள். பள்ளிக்கூடத்திலேயே நம்மில் பலர் இதைப் படித்திருப்போம். மதிப்புக்குரிய அகராதிகள் இத்தகைய பேச்சை அதிகம் சீண்டாத காலத்தில், 1785இல், லண்டன்காரரான பிரான்சிஸ் குரோஸ் தம்முடைய அகராதியில் இதை ஏற்றிவைத்தார். அந்த அகராதியின் 1811ஆம் ஆண்டு வடிவத்தை இன்று குட்டன்பெர்க் திட்டத்தின் தளத்திலிருந்து காசு கொடுக்காமல் கைப்பேசியில் இறக்கிக்கொள்ளலாம். டிக்கன்ஸின் ‘ஆலிவர் ட்விஸ்ட்’ நாவலை ஒருபுறமும் இதை மறுபுறமும் வைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள். பாடநூல் சுருக்கத்தில் ஊமையாக நின்ற பாத்திரங்கள் வாய் திறந்து பேசத் தொடங்குவார்கள்.

தெருப்பேச்சு காகிதத்தில் தங்குவது அபூர்வம். அதைப் பேசியவர்களில் பெரும்பாலோருக்கு எழுதத் தெரியாது. எழுதத் தெரிந்தவர்களுக்கு அதை எழுத மனமில்லை. அப்படியிருந்தும் 450 ஆண்டுக்கு முந்தைய திருட்டுச் சொற்கள் நம் திரைவரை வந்திருக்கின்றன என்றால், ஒருவரைப் பார்த்து ஒருவர் படியெடுத்ததுதான் காரணம். பெரும்பாலும் கேட்காமலேயே எடுத்தார்கள்.

ஒரு கூட்டத்தார் பிறருக்குப் புரியாதபடி தமக்குள் வழங்கும் சொல்லுக்கு நம் இலக்கணம் குழூஉக்குறி என்று பெயர் வைத்தது. 13ஆம் நூற்றாண்டின் நன்னூல் அதையும் சொல்வழக்கில் ஒரு வகையாக ஏற்றுக்கொண்டது. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பார்கள் என்று உரைகாரர்கள் எடுத்துக்காட்டும் கொடுத்தார்கள். ஐரோப்பாவிலோ இந்த வகைச் சொற்களைத் தேடிப்போனவர்கள் இலக்கணக்காரர்கள் அல்லர். ஏமாற்றுக்காரர்களைப் பிடிக்க விரும்பியவர்களே முதலில் அவர்களுடைய மொழியைக் குறித்துக்கொண்டார்கள்.

ஜெர்மனியில் 1510ஐ ஒட்டி ‘லிபர் வாகட்டோரம்’ என்ற சிறுநூல் அச்சானது. போலிப் பிச்சைக்காரர்களின் தந்திரங்களை வகைவகையாகச் சொல்லிவிட்டு, கடைசியில் அவர்களுடைய ரகசியச் சொற்களுக்குப் பட்டியல் தந்த நூல் அது. பட்டியலில் எபிரேய வேர்ச்சொற்கள் நிறைய. 1528இல் அதை முன்னுரையோடு மறுபடி வெளியிட்டவர் மார்ட்டின் லூதர். ஐரோப்பியக் கிறித்தவத்தையே இரண்டாகப் பிளந்த அந்த மனிதர், இப்படிப்பட்ட நாடோடிகளிடம் தாமும் ஏமாந்ததாக அதில் எழுதினார்.

இங்கிலாந்தில் இந்த வேலையைச் செய்தவர் கென்ட் பகுதியின் நிலக்கிழார் தாமஸ் ஹார்மன். உடல்நலமின்றி வீட்டோடு இருந்த அவர், வாசலுக்கு வந்த பிச்சைக்காரர்களை நிறுத்திப் பேச்சுக் கொடுத்தார். அவர்கள் சொன்னதையெல்லாம் தொகுத்து 1560களில் எச்சரிக்கை நூல் ஒன்று வெளியிட்டார். அவர் பட்டியலில் பகலுக்கு ‘லைட்மன்ஸ்’, இரவுக்கு ‘டார்க்மன்ஸ்’, குடிப்பதற்கு ‘பௌஸ்’, துணிமணிக்கு ‘டட்ஸ்’. இவற்றில் முதலிரண்டும் செத்துப்போயின. ‘பௌஸ்’ இன்றைய ‘பூஸ்’ ஆகி உலகெங்கும் குடிக்கப்படுகிறது. கூடவே, தமக்குத் தெரிந்த நாடோடிகளின் பெயர்களையும் ஹார்மன் வரிசையாக அச்சிட்டுவிட்டார். பிடிப்பவர்களுக்கு உதவ வேண்டும் அல்லவா!

நூல் நன்றாக விற்றது. விற்பதைக் கண்டால் படியெடுக்க ஆள் கிளம்பாமல் இருப்பார்களா? 1608இல் நாடகாசிரியர் தாமஸ் டெக்கர் லண்டன் திருடர்களின் ரகசியங்களை அம்பலப்படுத்துவதாகச் சொல்லி அடுத்தடுத்து இரண்டு நூல்கள் எழுதினார். சொற்பட்டியல் ஹார்மனுடையது, நன்றி சொல்லவில்லை. 1610இல் சாமுவேல் ரிட் ஒரு நூல் எழுதி, இது ஹார்மனிடமிருந்து களவாடியது என்று டெக்கரைக் கையும் களவுமாகப் பிடித்துக்கொடுத்தார். பிறகு ரிட் தாமே ஹார்மனின் பட்டியலைத் திருத்தியும் கூட்டியும் மறுபடி அச்சிட்டார். 17ஆம் நூற்றாண்டு முடியும்போது, பி.இ. என்ற முதலெழுத்துகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட ஒருவர் இந்தச் சரக்கையெல்லாம் அகரவரிசையில் அடுக்கி முழு அகராதியாகவே ஆக்கினார்.

1755இல் சாமுவேல் ஜான்சனின் பேரகராதி வந்தது. தெருச்சொற்களில் சிலவற்றுக்கு அதில் இடம் கிடைத்தாலும், ‘தாழ்ந்த சொல்’ என்ற முத்திரையோடுதான் கிடைத்தது. ஜான்சன் ஒதுக்கியதைப் பொறுக்கி எடுக்க வந்தவர்தான் குரோஸ். பருத்த உடம்பு, தீராத வேடிக்கைப் பேச்சு, பழங்கட்டடங்களை வரைவதில் பித்து. குடிப்படையில் கணக்குப் பார்க்கும் வேலையிலிருந்தபோது வலப்பையும் இடப்பையும்தான் தம்முடைய கணக்கேடுகள் என்பாராம். அதனாலேயே கடனிலும் விழுந்தார். அவர் இறந்து 32 ஆண்டு கழித்து அவருடைய அகராதியை மறுபதிப்பித்த பியர்ஸ் ஈகன் ஒரு செய்தி சொல்கிறார். குரோஸும் அவருடைய உதவியாளரும் நள்ளிரவில் லண்டனின் செயின்ட் ஜைல்ஸ் சேரிகளில் சுற்றி, சாராயக் கடைகளில் காதில் விழுந்த சொற்களைக் குறித்துக்கொண்டு திரும்புவார்களாம். பழைய பட்டியல்களை எடுத்தாண்டவர்தான் குரோஸ். ஆனால் முன்னோர்களைப் போல அங்கேயே நின்றுவிடவில்லை. மீன் விற்பவர்கள், சிப்பாய்கள், மாலுமிகள் என்று எல்லோருடைய பேச்சையும் சேர்த்தார். தெருப்பேச்சு திருடனின் சொத்து மட்டுமல்ல, ஊராரின் சொத்து என்பதை உணர்ந்தவர் அவர்.

அதே குரோஸ் 1789இல் பழங்கட்டடங்களை வரைய ஸ்காட்லாந்து போனார். அங்கே கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் நண்பரானார். எங்கள் ஊர் அல்லோவே தேவாலயத்தையும் உங்கள் நூலில் வரையுங்கள் என்று பர்ன்ஸ் கேட்க, அந்தக் கோயிலைப் பற்றிப் பேய்க்கதை ஏதாவது தந்தால் வரைகிறேன் என்றார் குரோஸ். பர்ன்ஸ் எழுதிக்கொடுத்தது ‘டாம் ஓ’ஷான்டர்’. ஸ்காட்லாந்தின் மிகப் புகழ்பெற்ற கவிதைகளில் ஒன்று, தெருச்சொல் அகராதிக்காரர் கேட்ட விலையாக 1791இல் அவருடைய நூலில் இடம்பெற்றது. அந்த ஆண்டே குரோஸ் டப்ளினில் காலமானார்.

ஆசிரியர் போனால் என்ன, சரக்கு நடமாடியது. 1811இல் பெயர் சொல்லாத சிலர் குரோஸின் அகராதியை எடுத்து, புதுச் சொற்களைச் சேர்த்து, லத்தீனில் ஒரு பகட்டான பெயரும் சூட்டி விற்றார்கள். குட்டன்பெர்க் தளத்தில் நமக்குக் கிடைப்பது இந்த வடிவம்தான். அதில் ‘பிக்’ என்ற சொல்லைத் தேடுங்கள். பன்றி என்ற அந்தச் சொல்லுக்குக் காவல் அதிகாரி என்றும் பொருள் கொடுத்திருக்கும். 1960களில் அமெரிக்க மாணவர்கள் போலீஸைப் பார்த்துக் கத்திய வசை அது என்றே பலரும் நினைப்பார்கள். லண்டன் மாநகரக் காவல்துறை தோன்றியது 1829இல். வசை அதற்கும் மூத்தது.

திருடர்களோடு அவர்களுடைய சொற்களும் நாடுகடத்தப்பட்டன. ஆஸ்திரேலியக் குடியேற்றத்தின் தொடக்க ஆண்டுகளில், நீதிமன்றத்தில் சாட்சியும் கைதியும் பேசுவதை நீதிபதிக்கு விளக்க மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டார் என்று மரைன் படை அதிகாரி வாட்கின் டென்ச் எழுதியிருக்கிறார். எல்லோரும் பேசியது ஆங்கிலம்தான்! மூன்று முறை நாடுகடத்தப்பட்ட ஜேம்ஸ் ஹார்டி வாக்ஸ் என்ற கைதி, 1812இல் நியூகாசில் தண்டனைக் குடியிருப்பில் இருந்தபடி ஒரு சொற்பட்டியல் தயாரித்துத் தம் அதிகாரிக்குச் சமர்ப்பித்தார். ஆஸ்திரேலியாவில் தொகுக்கப்பட்ட முதல் அகராதி அதுவே. 1819இல் லண்டனில் அச்சானது. அதில் மூட்டைக்கும் களவுப்பொருளுக்கும் ‘ஸ்வாக்’ என்று பெயர். அங்கே ஊர் ஊராக வேலை தேடி நடந்தவர்களின் முதுகுமூட்டைக்கும் அதே பெயர் நிலைத்தது. 1895இல் எழுதப்பட்டு அந்த நாட்டின் செல்லப்பாட்டாகிவிட்ட ‘வால்ட்சிங் மடில்டா’வின் நாயகன் அந்த மூட்டைக்காரன்தான்.

டிக்கன்ஸின் ‘ஆலிவர் ட்விஸ்ட்’ 1837இல் தொடராக வரத் தொடங்கியது. எட்டாம் அத்தியாயத்தில் ஜேப்படிச் சிறுவன் ‘பீக்’ என்கிறான். பறவையின் அலகு என்று நினைத்து ஆலிவர் விழிக்கிறான். அது நீதிபதியைக் குறிக்கும் என்று அந்தச் சிறுவன் விளக்க வேண்டியிருக்கிறது. 1811 அகராதியைத் திறந்தால் அதே சொல், அதே பொருள். ஆனால் 1841 முன்னுரையில் டிக்கன்ஸ், படிப்பவர் முகம் சுளிக்கும்படியான பேச்சைத் தம் பாத்திரங்களின் வாயிலிருந்து நீக்கிவிட்டதாகச் சொல்கிறார். அவர் நீக்கியவை என்னவாக இருந்திருக்கும் என்பதற்கும் அகராதியில் விடை இருக்கிறது. நாவலும் அகராதியும் ஒன்றையொன்று நிரப்புகின்றன.

1859இல் அட்லான்டிக்கின் இரு கரைகளிலும் ஒரே நேரத்தில் அகராதிகள் வந்தன. நியூயார்க்கில் ஜார்ஜ் மாட்செல் வெளியிட்டார். அந்த நகரத்தின் முதல் காவல்துறைத் தலைவர். குற்றவாளிகளின் மொழியைக் காவலர்கள் கற்க வேண்டும் என்பது அவர் நோக்கம். ஆனால் குரோஸிடமிருந்து எடுத்தது ஏராளம். திருடர்களைப் பிடித்தவரே சொற்களை அள்ளிக்கொண்டார். ‘கேங்ஸ் ஆஃப் நியூயார்க்’ திரைப்படத்தின் உரையாடலுக்கு அவருடைய அகராதி பிற்காலத்தில் கைகொடுத்தது. லண்டனில் வெளியிட்டவர் ஜான் கேம்டன் ஹாட்டன் என்ற பதிப்பாளர். மறு ஆண்டே லூதர் முன்னுரையோடு வந்த அந்த ஜெர்மன் நூலையும் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். அனுமதி கேட்காமல் மார்க் ட்வைனின் நூல்களை அச்சிட்டு விற்று, அவருடைய கோபத்துக்கு ஆளானவரும் இவரே.

கம்பெனி ஆங்கிலேயர்கள் இந்தியாவில் பேசிய கலப்புப் பேச்சுக்கும் ஒரு களஞ்சியம் உண்டு. ஹென்றி யூலும் ஏ.சி. பர்னெலும் தொகுத்து 1886இல் வந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’. பர்னெல் சென்னை மாகாண அதிகாரி; தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்து, அரண்மனைச் சமஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்தவர். நூல் வெளிவருமுன்பே 1882இல், 42 வயதில், இறந்துவிட்டார். கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணீரும் ஆங்கிலத்துக்குள் போன வழியை இதில் பார்க்கலாம். சென்னை மாகாண அதிகாரிகளுக்கு மற்ற மாகாணத்தார் வைத்த பட்டப்பெயர் ‘மல்’. மிளகுத்தண்ணீரை ஓயாமல் குடித்தவர்கள் என்பதால், ‘மல்லிகடானி’யின் முதல் துண்டே அவர்களுக்குப் பெயராகிவிட்டது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னகராதித் தொகுப்பில் இந்த நூல் முழுவதும் இலவசம்.

1890 முதல் 1904 வரை ஃபார்மரும் ஹென்லியும் ஏழு தொகுதிகளில் ஒரு பெரும் தெருச்சொல் அகராதி வெளியிட்டார்கள். ஒரு கால் இழந்த கவிஞரான ஹென்லிதான் ‘புதையல் தீவு’ கதையின் லாங் ஜான் சில்வருக்கு முன்மாதிரி என்று அதன் ஆசிரியர் ஸ்டீவன்சனே எழுதியிருக்கிறார். 1931இல் குரோஸுக்குக் குறிப்புரையோடு புதுப் பதிப்பு தந்தார் எரிக் பார்ட்ரிஜ். நியூசிலாந்தில் பிறந்து, ஆஸ்திரேலியப் படையில் கலிப்போலியில் போரிட்டவர். சிப்பாய்களின் பேச்சு காதில் விழுந்தவருக்கு அகராதி மேல் ஆசை வந்ததில் வியப்பென்ன? 1937இல் தம்முடைய சொந்த அகராதியையும் கொண்டுவந்தார்.

அச்சுக்கு அடுத்த தாவல் ஒரு மளிகைக் கடையில் தொடங்கியது. 1971 ஜூலை 4 அன்று இல்லினாய்ஸ் பல்கலைக்கழக மாணவர் மைக்கேல் ஹார்ட், வாணவேடிக்கை பார்த்துவிட்டுக் கடையில் சாமான் வாங்கியபோது, அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தின் அச்சுப்படி ஒன்றும் பையோடு வந்தது. பல்கலைக்கழகக் கணினியில் விரும்பிய நேரமெல்லாம் வேலை செய்ய அவருக்கு அப்போதுதான் அனுமதி கிடைத்திருந்தது. அந்தப் பிரகடனத்தைத் தட்டச்சு செய்து ஏற்றினார். குட்டன்பெர்க் திட்டம் அன்றே பிறந்தது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்களின் உழைப்பால் தமிழ் நூல்களை இதே வழியில் திறந்துவிட்டது.

2000 முதல் குட்டன்பெர்க் நூல்களைப் பகிர்ந்துகொண்டு மெய்ப்புப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். பக்கத்தின் படம் ஒருபுறம், கணினி படித்த எழுத்து மறுபுறம். ஒருவர் ஒரு பக்கம் திருத்தினாலும் போதும். 18ஆம் நூற்றாண்டு அச்சில் ‘எஸ்’ நீண்டு ‘எஃப்’ போலவே இருக்கும். கணினி தடுமாறும் அந்த இடத்தில் மனிதக் கண்தான் வேண்டும். 2007க்குப் பிறகு இணையதளங்களில் நுழைய, கோணலாகத் தெரிந்த இரண்டு சொற்களைத் தட்டச்சு செய்த நினைவிருக்கிறதா? அவற்றில் ஒன்று பெரும்பாலும் பழைய நாளிதழிலிருந்தோ நூலிலிருந்தோ கணினிக்குப் புரியாமல் வந்த சொல். நம்மில் பலர் நம்மை அறியாமலே பழைய அச்சைப் படியெடுத்திருக்கிறோம்.

இலவச நூலகம் பழமையின் பக்கம் சாய்ந்திருக்கக் காப்புரிமையும் காரணம். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டு, இங்கிலாந்தில் 70 ஆண்டு. பார்ட்ரிஜ் 1979இல் மறைந்தார். எனவே அவர் நூல்கள் இங்கே இன்னும் பொதுச்சொத்தாகவில்லை. குரோஸுக்கோ எந்தத் தடையும் இல்லை. புதிதைத் தர முடியாத சட்டம் நம்மைப் பழையதிடம் அனுப்பிவைக்கிறது. அதே மின்கிடங்குகளில் தேடித் தேடிச் சொற்களின் வயதைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போகிறார் லண்டன் அகராதியியலாளர் ஜோனதன் கிரீன். 2010இல் மூன்று பெரிய தொகுதிகளாக வந்த அவருடைய அகராதி 2016இல் இணையத்துக்கு வந்தது, இப்போது இலவசம்.

ஹார்மன் இந்தச் சொற்களைக் குறித்தது பேசியவர்களைச் சாட்டையடிக்கு அனுப்ப. மாட்செல் குறித்தது சிறைக்கு அனுப்ப. நாம் அவற்றைத் தேடுவது பேசியவர்களைப் புரிந்துகொள்ள. பசித்தவனும் அனாதைச் சிறுவனும் நாடுகடத்தப்பட்டவனும் தமக்குள் என்ன பேசினார்கள் என்பதற்கு வேறு சாட்சி அதிகமில்லை. ‘ஆலிவர் ட்விஸ்ட்’டின் எட்டாம் அத்தியாயத்தையும் 1811 அகராதியையும் இன்றே இறக்கி, சேர்த்துப் படியுங்கள். இரண்டும் பொதுச்சொத்து, இந்த முறை யாரிடமிருந்தும் திருட வேண்டியதில்லை.