வான்கோழிக் கொட்டகையில் பிறந்த லோடரும் பனி வீசும் இயந்திரமும்

காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பில் மெஷின் ஹவர் ரேட் போட்டவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். இயந்திரத்தின் தேய்மானம், வட்டி, இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் கூட்டி, அது வருடத்தில் ஓடும் மணி நேரத்தால் வகுக்க வேண்டும். ஓடும் நேரம் குறைந்தால் ரேட் ஏறிவிடும். அப்படியென்றால் வருடத்தில் நாலைந்து மாதம் மட்டும் வேலை இருக்கும் தொழிலுக்கு இயந்திரம் வாங்குவது எப்படி? மார்கழிப் பனியைத் தவிர வேறு பனி பார்க்காத நான் இந்தக் கேள்வியோடு தேடியபோது போய் நின்ற இடம், வட அமெரிக்காவில் பனி அள்ளும் கான்ட்ராக்டர்களின் உலகம். அங்கே சின்ன கான்ட்ராக்டர்கள் பலர் கண்டுபிடித்த வழி, ஸ்கிட் ஸ்டியர் லோடரின் முன்னால் ஸ்நோ புளோயரை மாட்டிக்கொள்வது. இந்த இரண்டுக்கும் தனித்தனிக் கதை உண்டு. வாங்கும்போது வரும் குழப்பங்களும் பெரும்பாலும் அந்தக் கதைகளில்தான் ஆரம்பிக்கின்றன.

முதலில் பனியை வீசும் இயந்திரம். 1869இல் டொராண்டோவைச் சேர்ந்த ஜே.டபிள்யூ. எலியட் என்பவர் தண்டவாளத்துப் பனியைச் சுழலும் சக்கரத்தால் தூக்கி எறியும் கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். அவர் தொழில் பல் வைத்தியம்! கருவி காகிதத்தோடு நின்றுபோனது. 1884இல் ஆரஞ்சு ஜல் என்பவர் அந்த எண்ணத்தை மேம்படுத்த, ரயில்வேக்கு உண்மையான இயந்திரம் கிடைத்தது. சாலைக்கு அது வர இன்னும் நாற்பது வருடம் ஆயிற்று. கியூபெக்கில் பால் பண்ணைக் குடும்பத்தில் பிறந்த ஆர்தர் சிகார், வயலில் கதிரடிக்கும் இயந்திரத்தைப் பார்த்து யோசித்து, 1925இல் லாரி மேல் ஒரு பனி வீசும் இயந்திரத்தைக் கட்டினார். 1927இல் மாண்ட்ரியல் அருகே உள்ள ஊட்ரமான் நகரம் ஒன்றை வாங்கியது. அதில் பனியை வீசுவதற்கென்றே தனி எஞ்சின் இருந்தது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

லோடரின் கதை மின்னசோட்டா மாநிலத்தில் ராத்சே என்ற சின்ன ஊரில் தொடங்குகிறது. சிரில் கெல்லர், லூயி கெல்லர் என்ற சகோதரர்கள் அங்கே பட்டறை வைத்திருந்தார்கள். பக்கத்தில் வான்கோழி வளர்த்த விவசாயிக்கு ஒரு தலைவலி. மாடி வைத்த கொட்டகை, உள்ளே நெருக்கமாகத் தூண்கள், டிராக்டரை உள்ளே விட முடியாது. எருவை ஆள் வைத்துத்தான் அள்ள வேண்டும். மாடிக்கு ஏற்றும் அளவு லேசாகவும், தூணைச் சுற்றி நின்ற இடத்திலேயே திரும்பும்படியும் ஒரு வண்டி வேண்டும் என்றார். 1957இல் சகோதரர்கள் மூன்று சக்கர லோடர் ஒன்றைச் செய்து கொடுத்தார்கள். முதலில் பெல்ட் வைத்து ஓட்டிப் பார்த்து, அது தாங்காமல், பிறகு கிளட்ச் முறைக்கு மாறினார்கள்.

1958இல் வட டகோட்டாவின் குவின்னரில் இருந்த மெல்ரோ கம்பெனி உரிமையை வாங்கி, சகோதரர்களையும் வேலைக்குச் சேர்த்துக்கொண்டது. அந்த வருடக் கடைசியில் வந்த எம்-200இன் எஞ்சின் வெறும் 12.9 குதிரைத்திறன். நம்ம ஊர் பைக்குகள் பலவற்றில் இதைவிட அதிகம் இருக்கிறது! 1960இல் எம்-400 நான்கு சக்கரத்தோடு வந்தது. இதில் சக்கரங்கள் திரும்பாது. ஒரு பக்கச் சக்கரம் வேகமாகவும் மறுபக்கம் மெதுவாகவும் சுற்ற, வண்டி தரையில் வழுக்கித் திரும்பும். ‘ஸ்கிட்’ என்ற பெயர் அதனால்தான். 1962இல் பாப்கேட் என்ற பெயர் வைத்தார்கள். சகோதரர்கள் இருவரும் மறைந்த பிறகு, 2023இல் அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் மன்றப் பட்டியலில் அவர்கள் பெயர் ஏறியது.

இரண்டு கதைகளும் சேர வழி செய்தது 1970இல் பாப்கேட் கொண்டுவந்த சட்டென மாட்டிக் கழற்றும் அமைப்பு. கோடையில் மண் வாளி, குளிர்காலத்தில் பனி வீசும் இயந்திரம். லோடரின் செலவு வருடம் முழுக்கப் பரவிவிடும், புளோயரின் விலை மட்டும் பனிக்கால மணி நேரங்களின் தலையில். என் ஹவர் ரேட் கேள்விக்கு விடை இதுதான்.

ஆனால் சிகாரின் தனி எஞ்சின் இப்போது இல்லை. லோடரின் பம்ப் அனுப்பும் ஹைட்ராலிக் எண்ணெய்தான் புளோயரைச் சுற்ற வேண்டும். எரு அள்ளப் பிறந்த வண்டிக்கு இவ்வளவு எண்ணெய் அனுப்பும் தேவையே இருந்ததில்லை. எனவே லோடர் வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது குதிரைத்திறனை அல்ல, நிமிடத்துக்கு எத்தனை கேலன் எண்ணெய் வரும் என்பதை. 3000 பிஎஸ்ஐ அழுத்தத்தில் 20 கேலன் வந்தால் சுமார் 35 குதிரைத்திறன் புளோயருக்குக் கிடைக்கும். ‘ஹை ஃப்ளோ’ வண்டியில் 35 கேலன் வந்தால் சுமார் 61. அதிக ஓட்டத்துக்கான புளோயரைச் சாதாரண வண்டியில் மாட்டினால் விசிறி மந்தமாகச் சுற்றும், பனி பக்கத்திலேயே விழும். தலைகீழாக மாட்டினால் மோட்டாரே கெட்டுப்போகலாம். விலை குறைவு என்று புளோயரை முதலில் வாங்கிவிட்டு அதற்கு வண்டி தேடுவது எனக்கு வீண் வேலையாகப் படுகிறது.

அகலத்துக்கு விதி எளிது, டயர்களின் வெளிவிளிம்பைத் தாண்டி இருக்க வேண்டும். லேசான பனிக்கும் தள்ளி ஒதுக்க இடம் உள்ள மைதானத்துக்கும் புளோயரே வேண்டாம், தள்ளும் பிளேடு மலிவு, வேகமும் அதிகம். சுவர் போலப் பனி குவிந்து ஒதுக்க இடமில்லாத தெருவில்தான் புளோயர் தன் விலையைச் சம்பாதிக்கும். இன்னொன்று, வழுக்கித் திரும்பும் வண்டியை ஐஸ் மேல் ஓட்டப்போகிறோம். கொட்டகைத் தரையில் வரமாக இருந்தது இங்கே தொல்லை. பனிக்கான டயருக்கோ சங்கிலிக்கோ பட்ஜெட்டில் இடம் விடாதவர்கள் முதல் சரிவிலேயே திண்டாடுவார்கள்.

ஈரப் பனி வெளியேறும் குழாயில் அடைத்துக்கொள்ளும். அப்போது எஞ்சினை அணைத்து, அழுத்தம் இறங்கி, விசிறி முழுசாக நின்ற பிறகும் கையை விடக்கூடாது, ஒரு குச்சியால்தான் குத்தி எடுக்க வேண்டும். அவசரத்தில் கையை விட்டு விரல் இழந்தவர்கள் ஒவ்வொரு குளிர்காலமும் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். அந்தக் குச்சியையும் சாமான் பட்டியலில் எழுதிக்கொள்ளலாம், தேய்மானக் கணக்கு வேண்டியதில்லை.