ஆடவல்லான் அளவும் கருவி விளக்கமும்

தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் அரசியல் வரலாற்றுக்கும் சமய வரலாற்றுக்கும் பெருங்கருவூலமாக விளங்குவதை அனைவரும் அறிவர். அவற்றின் உரைநடையும் தனியே நோக்கத்தக்கது. முதலாம் இராசராசன் தன் 26ஆம் ஆட்சியாண்டின் 20ஆம் நாளில், கி.பி. 1010இல், தானும் தன் தமக்கையும் தேவியரும் பிறரும் கோயிலுக்குக் கொடுத்தவற்றைக் கல்லில் வெட்டுமாறு ஆணையிட்டான். அவ்வாணையை நிறைவேற்றிய எழுத்தர்முன் ஓர் அரிய சிக்கல் நின்றது. கல்லைப் படிப்பவன் எழுதியவனை நோக்கி ஐயம் வினவ இயலாது. கணக்கர் மாறுவர், பண்டாரம் காப்போர் மாறுவர், எழுதியவை மட்டுமே நிற்கும்.

காவிரிப் படுகையில் நெல்லே செல்வம். சோழமண்டலத்து ஊர்களோடு ஈழத்து ஊர்கள் சிலவும் இக்கோயிலுக்கு விடப்பட்டிருந்தன. ஊருக்கு ஊர் மரக்கால் வேறுபடுமாயின் நூறு கலம் என்று எழுதுவதால் பயனில்லை. எனவே எழுத்தர் அளவைகளைப் பெயரிட்டே சுட்டினர். நெல்லுக்கு ஆடவல்லான் என்னும் மரக்கால். பொன்னுக்கு ஆடவல்லான் என்னும் கல். மணிகளுக்குத் தட்சிணமேருவிடங்கன் என்னும் கல். ஒரே பெயர் இரண்டு அளவைகளுக்கு வருவது சற்றே மயக்கந்தருவதுதான். ஆயினும் மரக்கால், கல் என்னும் சொற்கள் உடன் வருதலால் அம்மயக்கம் தீர்கிறது.

அணிகலன்களைப் பற்றிய பகுதிகள் இன்னும் வியப்பூட்டுவன. ஓர் அணியில் முத்துகள் எத்தனை என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. வட்டமானவை, வட்டத்தை ஒத்தவை, கரடானவை, இரட்டையாய் ஒட்டியவை, சிவந்த நீருடையவை எனக் குறைகளையும் மறையாது எழுதினர். கோத்த நூலை நீக்கி நிறுத்ததா, உள்ளிட்ட அரக்கையும் சேர்த்து நிறுத்ததா என்பதும் கல்லில் உண்டு. அரசன் கொடுத்த முத்தில் குற்றம் உண்டென்று அரசன் கோயிலிலேயே வெட்டி வைத்த நேர்மை எளிதில் வாய்ப்பதன்று.

தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரைப் பற்றிய கல்வெட்டு இவ்வகை எழுத்தின் உச்சம் எனலாம். இன்ன தெரு, இன்ன சிறகு, இத்தனையாவது வீடு, இன்ன ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், பெயர் இன்னது என ஒவ்வொருவரும் தனித்தனியே குறிக்கப்படுகின்றனர். பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். அதன்பின் வருவதே இக்கட்டுரைக்கு வேண்டுவது. பணி செய்வார் இறப்பினும் வேற்றூர் செல்லினும் யாது செய்வது? அவர்க்கு அடுத்த உறவினர் அப்பங்கைப் பெற்றுப் பணி செய்க. அவர் தகுதியற்றவராயின் தகுதியுடையாரை அமர்த்திப் பணி நடத்துக என்று கல் வழி கூறுகிறது. எண்ணியபடி நடக்கும் நாளுக்கு விதி எழுதுவது எளிது. தவறிப்போகும் நாளுக்கும் எழுதியதாலேயே இவ்வெழுத்தர் நினைக்கத்தக்கவராகின்றனர்.

கணிப்பொறி உலகில் இவ்வகை எழுத்துக்கு நெடிய மரபு இல்லை. கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் 1971 நவம்பரில் யூனிக்ஸ் இயங்குதளத்துக்குக் கையேடு எழுதியபோது, அறிந்த குறைகளைச் சொல்ல ஒரு தலைப்பு வைத்தனர். கரடு முத்தை எழுதிய கைக்கு அவர்கள் உறவினரே. ஆயினும் அக்கையேட்டைப் படித்தோர் மனிதர். விளங்காத இடத்தில் அருகிருப்பாரைக் கேட்டனர். செய்து பார்த்துத் தெளிந்தனர்.

இன்று படிப்பவரே மாறிவிட்டனர். 2023 ஜூனில் ஓப்பன்ஏஐ நிறுவனம் தன் மொழி மாதிரிகள் வெளிக்கருவிகளை அழைப்பதற்கு வழி வகுத்தது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் இதற்கெனப் பொதுநெறிமுறை ஒன்றை வெளியிட்டது. இட்ட பணியை முடிக்கத் தாமே கருவிகளைத் தேர்ந்து இயக்கும் செயற்கை அறிவு முகவர்களுக்கு, கருவியின் பெயரும் விளக்கமும் அதற்குக் கொடுக்க வேண்டியவற்றின் வகையுமே பெரும்பாலும் முன்னிற்பவை. விளக்கத்தில் இல்லாததை அவை ஊகிக்கும்; ஊகித்தபடியே செய்தும் முடிக்கும். தொகை என்று மட்டும் எழுதிய கருவிக்கு 500 எனக் கொடுத்தால் அது ஐந்நூறு ரூபாயா, ஐந்நூறு காசா? அழிக்கும் கருவி அழித்ததை மீட்கலாமா? இவ்விரண்டையும் சொல்லாத விளக்கம் பொருளிழப்பில் முடியலாம். மனிதர் குழுக்களுக்கிடையிலேயே இது நேர்ந்துள்ளது. ஒரு குழு பவுண்டு அளவையில் தந்த எண்களை மறு குழுவின் கணக்கு நியூட்டன் அளவையாகக் கொண்டதால், செவ்வாய்க்குச் சென்ற அமெரிக்க விண்கலம் ஒன்று 1999 செப்டம்பர் 23இல் அழிந்தது.

நன்னூற் பாயிரம் கூறும் பத்துக் குற்றங்களுள் குன்றக் கூறல், மாறுகொளக் கூறல், மயங்க வைத்தல் என்னும் மூன்றும் கருவி விளக்கம் எழுதுவோர் மேசைமேல் இருக்கத்தக்கவை. மிகைபடக் கூறலும் அவ்வாறே. நீண்ட விளக்கத்துள் வேண்டிய ஒன்று மறைந்துபோவதுண்டு. கவிஞர்கள் இதில் மாறுபடுவர். ஒரு சொல் இருபொருள் படுவது அவர்க்கு அணி. இருபொருள்படும் சொல்லால் நெல் அளந்தால் யாரோ ஒருவர் பட்டினி கிடப்பார்.

பெரிய கோயில் எழுத்தரிடமும் ஒரு குறை உண்டு. ஆடவல்லான் என்பது இராசகேசரி என்னும் மரக்காலோடு ஒப்பது என அவர்கள் விளக்கினர். அன்று இராசகேசரியை அறியாதார் இல்லை போலும். இன்றோ ஒரு பெயர் மற்றொரு பெயரைக் காட்டி நிற்கிறது. 1891இல் ஹுல்ச் இக்கல்வெட்டுகளைத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் பதிப்பிக்கத் தொடங்கிய பின் எவர் படிப்பினும், அம்மரக்கால் எத்தனை லிட்டர் கொள்ளும் என்பதைக் கல்லின் சொற்களைக் கொண்டு மட்டும் கூறுதல் இயலாது. எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரு குறுணி ஒரு கலம் என்னும் வாய்பாடு மட்டும் தப்பிப் பிழைத்தது. அதைக் கொண்டு, தளிச்சேரிப் பெண் ஒருத்திக்கு ஆண்டில் 9,600 நாழி, நாளொன்றுக்கு ஏறத்தாழ 26 நாழி நெல் கிடைத்தது என்று இன்றும் கணக்கிடலாம்.