புது ஐபி முகவரி கிடைத்தும் சில தளங்கள் திறக்காதது ஏன்? பழைய ஃபில்டர்கள் செய்யும் வேலை

புதிதாக பிராட்பேண்ட் இணைப்பு வாங்கியிருக்கிறீர்கள். எல்லாத் தளங்களும் திறக்கின்றன, ஒரு வங்கியின் தளம் மட்டும் திறக்கவில்லை. மொபைல் டேட்டாவில் அதே தளம் உடனே வருகிறது. வயரிலும் மோடத்திலும் கோளாறு இல்லை. அப்படியென்றால் சிக்கல் உங்களுக்குக் கொடுக்கப்பட்ட ஐபி முகவரியில் இருக்கலாம்.

போகான் என்றால் என்ன?

யாருக்கும் ஒதுக்கப்படாத முகவரியிலிருந்து டேட்டா வந்தால், அனுப்பியவர் பொய் முகவரி போட்டிருக்கிறார் என்றுதான் அர்த்தம். இத்தகைய முகவரிகளை 'போகான்' என்கிறார்கள். ரவுட்டரிலும் ஃபயர்வாலிலும் இவற்றைத் தடுப்பது நல்ல பழக்கம்தான்.

பிறகு என்ன பிரச்னை?

இன்று ஒதுக்கப்படாத முகவரி நாளை ஒருவருக்கு ஒதுக்கப்படலாம். பட்டியலை ஒருமுறை கையால் எழுதிவிட்டு மறந்துவிட்டால், நேற்று போலியைத் தடுத்த அதே ஃபில்டர் இன்று உண்மையான வாடிக்கையாளரைத் தடுக்கும். தவறு செய்தது ஒருவர், அவதிப்படுவது வேறொருவர். தடுத்தவருக்கு விஷயமே தெரியாது.

2002-ல் 69 எனத் தொடங்கும் முகவரிகள் வட அமெரிக்காவின் பதிவகமான ஆரினுக்கு வழங்கப்பட்டன. அவற்றைப் பெற்றவர்களால் பல தளங்களை அணுக முடியவில்லை. 2010-ல் ஆசிய பசிபிக் பதிவகமான ஏப்னிக்குக்கு 1 எனத் தொடங்கும் தொகுதி கிடைத்தபோதும் தொல்லைதான். 'இதை யார் பயன்படுத்தப் போகிறார்கள்' என்று 1.1.1.1 என்ற முகவரியைப் பலர் தங்கள் கருவிகளில் இஷ்டத்துக்குப் போட்டு வைத்திருந்தார்கள். 2018-ல் கிளவுட்ஃப்ளேர் அதே முகவரியில் டிஎன்எஸ் சேவை தொடங்கியபோதும் சில நெட்வொர்க்குகளில் அது வேலை செய்யவில்லை.

இந்தியாவுக்கு என்ன தொடர்பு?

2011 பிப்ரவரி 3 அன்று, உலகளாவிய கையிருப்பில் மிஞ்சிய 5 ஐபிவி4 தொகுதிகளும் 5 பிராந்தியப் பதிவகங்களுக்குப் பிரித்துத் தரப்பட்டன. ஒவ்வொன்றிலும் சுமார் 1.67 கோடி முகவரிகள். ஏப்னிக்குக்கு வந்தது 103 எனத் தொடங்கும் தொகுதி. இந்தியாவின் சிறு இணைய சேவை நிறுவனங்கள் பலவும் இன்று பயன்படுத்துவது இந்த முகவரிகளைத்தான். 2011-க்கு முந்தைய பட்டியல் எங்காவது உயிரோடு இருந்தால், அது தடுப்பது இவர்களைத்தான்.

என்ன செய்ய வேண்டும்?

10, 192.168 போன்ற தனியார் பயன்பாட்டு முகவரிகள் பொது இணையத்திலிருந்து வரக் கூடாது. அந்தத் தடை தொடரலாம். 'இன்னும் ஒதுக்கப்படவில்லை' என்ற காரணத்துக்காகத் தடுத்தவற்றைத்தான் அடிக்கடி சரிபார்க்க வேண்டும். டீம் சிம்ரு போன்ற அமைப்புகள் தரும் பட்டியல் தானாகவே புதுப்பிக்கப்படும்; அதை ரவுட்டரோடு இணைக்கலாம். ஐபிவி6-ல் புது ஒதுக்கீடுகள் தொடர்வதால் அங்கே கையால் எழுதிய பட்டியல் இன்னும் சீக்கிரம் பழசாகிவிடும்.

தானாகப் புதுப்பிக்க வழியில்லையா? அப்படியானால் ஒதுக்கப்படாத முகவரிகளுக்கு ஃபில்டரே போடாமல் இருப்பது மேல்.

பயனராக இருந்தால், உங்கள் ஐபி முகவரியையும் திறக்காத தளத்தின் பெயரையும் குறித்து சேவை நிறுவனத்திடம் கொடுங்கள். 'நெட் வரவில்லை' என்று மட்டும் சொன்னால் மோடத்தை மாற்றிவிட்டுப் போய்விடுவார்கள்.