வலி வருமுன் மருந்து

உங்களில் நர்ஸாகவும் டாக்டராகவும் இருப்பவர்கள் பலர். இன்று உங்கள் தொழிலில் ஒரு பெரிய டீச்சரைப் பற்றிச் சொல்கிறேன். இங்கிலாந்துக்காரர், 1918-ல் பிறந்த சிசிலி சாண்டர்ஸ்.

போர்க்காலத்தில் நர்ஸ் பயிற்சி முடித்தார். முதுகுவலியால் அந்த வேலையில் நீடிக்க முடியாமல், லண்டன் மருத்துவமனையில் நோயாளிகளின் குடும்பக் கஷ்டங்களைக் கவனிக்கும் பணிக்கு மாறினார். அங்கே டேவிட் டாஸ்மா என்ற போலந்து யூதர், ஹோட்டல் சர்வர், நாற்பது வயதில் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்தார். சாகப்போகிறவர்களுக்கென்று ஓர் இல்லம் வேண்டும் என்று இருவரும் பேசிக்கொள்வார்கள். 1948-ல் அவர் இறந்தபோது அதற்காக 500 பவுண்டு விட்டுச் சென்றார். அந்த இல்லத்தில் தான் ஒரு ஜன்னலாக இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

அப்போதெல்லாம் நோயாளி துடித்துக் கேட்டால்தான் மார்ஃபின். அடிமையாகிவிடுவாரோ என்ற பயம். சாண்டர்ஸ் தொண்டு செய்த செயின்ட் லூக்ஸ் இல்லத்தில் மட்டும், நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை, வலி திரும்புவதற்கு முன்பே வாய்வழியாகக் கொடுத்தார்கள். பள்ளிக்கூட மணி மாதிரி, கேட்டாலும் கேட்காவிட்டாலும்!

இதை டாக்டர்களிடம் யார் சொல்வது? சாகிறவர்களைக் கைவிடுவதே டாக்டர்கள்தான், உன் பேச்சு எடுபடாது, நீயே டாக்டருக்குப் படி என்றார் நார்மன் பாரெட் என்ற சர்ஜன். 33 வயதில் கல்லூரியில் சேர்ந்து 1957-ல் டாக்டரானார்.

அடுத்த ஆண்டு முதல் செயின்ட் ஜோசப்ஸ் இல்லத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பற்றிக் குறிப்பெழுதினார். அவர்கள் பேச்சை டேப்பில் பதிந்தார். அடிமையாகும் பயம் வீண் என்பதற்கு அந்தக் குறிப்புகளே சாட்சி. மருத்துவ மாணவர்களுக்குக் கட்டில் பக்கத்திலேயே பாடம். பிள்ளைகள் என்ன ஆவார்களோ என்ற கவலை, பணக்கஷ்டம், சாமி மேல் கோபம் எல்லாம் சேர்ந்ததுதான் வலி என்று சொல்லிக்கொடுத்தார். என்னைக் கேட்டால், மார்ஃபின் கணக்கைவிட இதுதான் கடினமான பாடம். மாணவன் பேசாமல் உட்கார்ந்து கேட்கப் பழக வேண்டுமே.

1967-ல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்தைத் திறந்தார். கவனிப்போடு ஆராய்ச்சியும் பயிற்சியும் அங்கேயே. டாஸ்மாவுக்கு ஜன்னலும் உண்டு.

அங்கே ஆராய்ச்சி செய்த ராபர்ட் ட்வைகிராஸ் பிறகு ஆக்ஸ்போர்டில் பாடம் நடத்தினார். அவரிடம் கற்றவர்களில் ஒருவர் கேரளத்து டாக்டர் எம்.ஆர். ராஜகோபால். அவரும் டாக்டர் சுரேஷ்குமாரும் நண்பர்களுமாக 1993-ல் கோழிக்கோட்டில் வலி நிவாரணச் சங்கம் தொடங்கினார்கள். 1985-ன் போதைப்பொருள் சட்டக் கெடுபிடியால் இங்கே மார்ஃபின் கிடைப்பதே அரிதாக இருந்தது. மருந்தே இல்லாமல் அதைக் கொடுக்க எப்படிக் கற்பிப்பது? அந்தச் சட்டம் திருந்த 2014 ஆனது. எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்துக்குள் இந்தக் கவனிப்பு வந்தது 2019-ல்தான்.

புற்றுநோய் வார்டில் வேலை பார்க்கும் பிள்ளைகளே, உங்கள் இடத்தில் மார்ஃபினை நேரம் பார்த்துக் கொடுக்கிறார்களா, கேட்டால்தான் கொடுக்கிறார்களா? கமெண்டில் எழுதுங்கள், தெரிந்துகொள்கிறேன்.